சொந்தப் பெயரில் காபி வறுக்கும் இயந்திரம்: வடசென்னை நிறுவனம் ஒன்றின் உற்பத்தி ஏற்பாடு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணியும் கேள்வியும்

பிராட்வேயில் கடையும் தண்டையார்பேட்டையில் கிடங்கும் வைத்திருக்கும் ஒரு குடும்ப நிறுவனம், காபிப் பொடிக் கடைகளுக்கு அரவை இயந்திரம், பொட்டலம் ஒட்டும் இயந்திரம், எடைத் தராசு ஆகியவற்றை நெடுங்காலமாக விற்று வருகிறது. அரவை இயந்திரம் வாங்க வருபவர்களில் பலர், வறுக்கும் இயந்திரமும் கிடைக்குமா என்று கேட்டதால், வேறு தயாரிப்பாளர்களின் இயந்திரங்களைத் தரகு அடிப்படையில் சில காலம் விற்றுப் பார்த்தார்கள். விற்பனை நடந்தது, ஆனால் இயந்திரத்தின் நெற்றியில் இருந்த பெயர்ப்பலகையில் தயாரிப்பாளரின் தொலைபேசி எண் இருந்ததால், உதிரி பாகம் கேட்டும் இரண்டாவது இயந்திரம் கேட்டும் வாடிக்கையாளர்கள் நேராக அங்கேயே பேசிவிட்டார்கள். வறுக்கும் இயந்திரத்தைத் தங்கள் சொந்தப் பெயரிலேயே விற்க வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறந்தது. ஆனால் சொந்தமாகத் தொழிற்சாலை வைக்கும் எண்ணமோ, அதற்கான முதலோ அவர்களிடம் இல்லை. ஆகவே யாரிடம், எந்த நிபந்தனைகளில் செய்து வாங்குவது என்பதே கேள்வி. இந்த ஆய்வை எழுதும் நான் அந்தத் தேர்வில் ஆலோசகனாக இருந்தேன். நிறுவனத்தின் பெயரையும் பேச்சு நடத்திய மற்றவர்களின் பெயர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

விற்க நினைத்தவை மூன்று அளவுகள்: மாதிரிக் கொட்டையைச் சில நூறு கிராம் வறுத்துப் பார்க்கும் சிறிய மின் இயந்திரம், ஒரு முறைக்கு 5 கிலோ வறுக்கும் எரிவாயு இயந்திரம், 15 கிலோ இயந்திரம். இவற்றில் வியாபாரத்தின் முதுகெலும்பு 5 கிலோ இயந்திரம்தான். நம் பொடிக் கடைக்காரர் காலையில் அடுப்பைப் பற்றவைத்தால், அன்றைய தேவை தீரும்வரை ஓர் ஈடு இறங்கியதும் அடுத்த ஈட்டைக் கொட்டிக்கொண்டே இருப்பார். நாளுக்கு இரண்டு மூன்று ஈடு மட்டும் வறுக்கும் கஃபேக்களை மனத்தில் வைத்துச் செய்த இயந்திரம் இந்த ஓட்டத்தைத் தாங்குவதில்லை. விலைப்பட்டியலில் ‘5 கிலோ’ என்று அச்சிட்டிருப்பதற்கும், வடிகட்டிக் காபிக்கு வேண்டிய ஆழ்ந்த நிறத்துக்கு 5 கிலோவைத் தொடர்ந்து வறுக்க முடிவதற்கும் நடுவே பெரிய வேறுபாடு உண்டு.

சட்டம் யாரைத் தயாரிப்பாளர் என்கிறது

பேச்சு தொடங்கியபோது நிறுவனத்தார் மூன்று இடங்களின் விலைகளை ஒரே தாளில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தத் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் நாங்கள் பார்த்தது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. குறைபாடுள்ள பொருளால் விளையும் தீங்குக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் இச்சட்டம், ‘தயாரிப்பாளர்’ என்பதன் வரையறைக்குள், பிறர் செய்த பொருளின் மேல் தன் முத்திரையைப் பதிப்பவரையும் பதிக்கச் செய்பவரையும் சேர்த்திருக்கிறது. அதாவது, டிரம்மை யார் உருட்டினாலும், பர்னரை யார் பொருத்தினாலும், நெற்றியில் பெயர் போட்டவரும் சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர். வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்லர் என்பது உண்மைதான்; ஆனால் சுயதொழிலாகத் தம் பிழைப்புக்கு மட்டுமே வாங்குபவருக்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. தெருமுனையில் கணவனும் மனைவியும் நடத்தும் பொடிக் கடை அந்த விலக்குக்குள் வந்துவிடும். இந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்களே.

எரிவாயு எரியும், உலோகம் சுழலும், 200 டிகிரிக்கு மேல் சூடேறும் ஒரு பொருளுக்கு இந்தப் பொறுப்பை ஏற்பவர், அதன் உள்ளே இருப்பதை அறியாமலும் மாற்ற அதிகாரம் இல்லாமலும் இருப்பது கூடாது என்பதே என் நிலைப்பாடு. விலைத் தாளை மறுபடி எடுத்தபோது அதை இந்தக் கண்ணோடுதான் படித்தோம்.

கைக்கு எட்டிய மூன்று வழிகள்

முதல் வழி இறக்குமதி. சீனாவின் ஹெனான் மாகாணத்துச் செங்சௌ நகரில் உணவு இயந்திரங்களை ஏற்றுமதி செய்யும் வணிக நிறுவனங்கள் ஏராளம். வேண்டிய நிறம், வேண்டிய பெயர்ப்பலகையோடு ஆயத்த இயந்திரத்தை அனுப்பி வைக்கிறார்கள். 30 சதவீதம் முன்பணம், மீதி சரக்கு ஏறும் முன் என்பது வழக்கமான நிபந்தனை. வறுக்கும் இயந்திரங்கள் சுங்கப் பட்டியலில் 8419 என்னும் தலைப்பின்கீழ் வருகின்றன. நாங்கள் கணக்குப் போட்டபோது அடிப்படைச் சுங்கவரி 7.5 சதவீதம், அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், பிறகு மொத்தத்தின்மேல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. 18 சதவீதம். துறைமுகம் வந்து சேர்ந்த மதிப்பு 100 ரூபாய் என்றால், சுங்கம் 8 ரூபாய் 25 காசு, ஜி.எஸ்.டி. ஏறக்குறைய 19 ரூபாய் 49 காசு. பின்னது உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும் என்றாலும், இயந்திரம் விற்கும்வரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். துறைமுகமும் சரக்குப் பெட்டக நிலையங்களும் கிடங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பது இந்நிறுவனத்துக்கு வசதிதான். ஆனால் விடுவிப்பு தாமதமானால் ஏறும் வாடகைக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல.

தருவித்த மாதிரி இயந்திரம் பார்வைக்கு அழகாகவே இருந்தது. பற்றவைத்தபோதுதான் மஞ்சள் சுவாலையும் கரியும் எழுந்தன, எல்.பி.ஜி. என்று கேட்டிருந்தும் பர்னரில் இயற்கை எரிவாயுவுக்கான ஜெட் இருந்தது. எல்.பி.ஜி.யின் எரிதிறன் ஒரே கொள்ளளவுக்கு இயற்கை எரிவாயுவைவிட இரண்டரை மடங்கு அளவுக்கு அதிகம் என்பதால் அதன் ஜெட் துளை சிறியதாக இருக்க வேண்டும். ஜெட்டை மாற்றுவது பெரிய வேலை அல்ல. மோட்டார் விஷயம் அப்படியல்ல: 380 வோல்ட்டுக்குச் சுற்றிய மும்முனை மோட்டாரை நம் 415 வோல்ட்டில் நாள் முழுவதும் ஓட்டினால் அது கூடுதலாகச் சூடாகும்; அதைவிட, பல பொடிக் கடைகளில் மும்முனை இணைப்பே கிடையாது. இவற்றையெல்லாம் அடுத்த முறை திருத்தித் தருவதாக விற்றவர் ஒப்புக்கொண்டார். டிரம்மின் தகட்டுக் கனம், பேரிங் எண், பர்னரின் வரைபடம் ஆகியவற்றைக் கேட்டபோது மட்டும் பதில் வரவில்லை. அவர் வணிகரே தவிரத் தயாரிப்பாளர் அல்லர் என்பதால், அவரிடமே அவை இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வழி, வேறு மாநிலத்தில் நல்ல பெயரெடுத்த ஓர் இந்தியத் தயாரிப்பாளர். மூன்றில் இயந்திரத் தரம் மிகச் சிறந்தது அவருடையதே. இதில் எனக்கு ஐயமில்லை. தம் இயந்திரத்தை நிறுவனத்தின் பெயரில் தர இசைந்தார். ஆனால் வரைபடம் தர மாட்டார். உதிரி பாகங்களைத் தாமே விற்பார். பழுதுபார்க்கத் தம் ஆட்களையே அனுப்புவார். அதே உடலை வேறு பெயர்களிலும் பிறருக்குத் தரும் உரிமையை வைத்துக்கொள்வார். ஒவ்வொன்றும் அவர் பக்கம் நியாயமான நிபந்தனைதான். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், தரகு வியாபாரத்தில் இருந்த பழைய நிலைமையே, சட்டப் பொறுப்பு மட்டும் கூடுதலாக ஏறிக்கொண்டு திரும்ப வந்திருந்தது.

மூன்றாவது, வியாசர்பாடித் தொழிற்பேட்டையில் உணவுத் தொழில் இயந்திரங்களுக்கு ஃபேப்ரிகேஷன் செய்து தரும் ஒரு பட்டறை. மாவு கலக்கும் இயந்திரம், முறுக்குக் கடைகளுக்கான அடுப்பு என்று பலவும் செய்கிறார்கள். காபி வறுக்கும் டிரம்களையும் அவ்வப்போது செய்து பழகியவர்கள். குறைந்தபட்ச ஆர்டர் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் வரைபடம் என்று ஒரு தாள்கூட இல்லை. அளவுகள் எல்லாம் தலைமை ஃபிட்டரின் தலைக்குள்ளேயே இருந்தன. ஒரே பட்டறையில் செய்த இரண்டு இயந்திரங்களின் கதவு ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. நிறுவனத்தார் இந்த வழியை ஏறக்குறையக் கைவிட்டிருந்தார்கள்.

டிரம்முக்கும் முகத்தட்டுக்கும் நடுவே

கைவிடாமல் காத்தது ஒரு வெப்பச் சோதனை. வறுக்கும் டிரம்மின் முன்விளிம்புக்கும் அசையாத முகத்தட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும். அது கூடினால் உடைந்த கொட்டையும் பீபெரியின் சிறு மணிகளும் அதில் சிக்கி அரைபடும், தீயும். குறைந்தால் உலோகத்தில் உலோகம் உரசும். உரசிய துகள் போய்ச் சேருமிடம் குடிப்பவரின் டம்ளர். பட்டறை செய்து காட்டிய இயந்திரத்தில் ஃபீலர் கேஜ் வைத்துக் குளிர்நிலையில் அளந்தபோது இடைவெளி 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, சுற்றிலும் சீராக இருந்தது. பற்றவைத்து, ஈடுகளை அடுத்தடுத்துக் கொட்டி வறுத்துக்கொண்டே போனபோது, சற்று நேரத்தில் முன்பக்கத்திலிருந்து ஒரு கீச்சொலி தொடங்கி, சூடு ஏற ஏற வலுத்தது.

கணக்கு எளியது. சாதாரண எஃகு ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்கு 12 மைக்ரான் அளவில் நீளும். 304 வகை எவர்சில்வர் 17 மைக்ரான் நீளும். 400 மில்லிமீட்டர் நீள டிரம் 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், சாதாரண எஃகானால் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டரும், எவர்சில்வரானால் கிட்டத்தட்ட 1.4 மில்லிமீட்டரும் வளரும். இயந்திரத்தின் உடலும் நீளத்தான் செய்யும், ஆனால் டிரம் அளவுக்குச் சூடேறாததால் அந்த அளவுக்கு நீளாது. பின்பக்கப் பேரிங்கில் அச்சைப் பூட்டியிருந்ததால் வளர்ச்சி முழுவதும் முன்னோக்கி வந்து இடைவெளியை விழுங்கிவிட்டது.

அறுபதைத் தாண்டிய அந்த ஃபிட்டர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நிறுவனத்தின் இளைய பங்குதாரரிடம் சொன்னது இது: “தம்பி, டிரம்மு சுட்டா நீளும். அது எந்தப் பக்கம் நீளணும்னு நாமதான் சொல்லணும். நகர்ந்து கொடுக்குற பேரிங்கைப் பக்கம் மாத்திப் போட்டுட்டான் பையன்.” முன்பேரிங்கைப் பூட்டி, பின்பேரிங்கை அச்சோடு நகர விட்டு மறுபடி ஓட்டியபோது, சூடான நிலையிலும் முன் இடைவெளி பெரிதும் மாறவில்லை.

இறக்குமதி மாதிரியிலும் இந்தியத் தயாரிப்பாளரின் இயந்திரத்திலும் இந்தச் சிக்கலே எழவில்லை. இரண்டிலும் இடைவெளி சரியாக இருந்தது. அப்படியிருந்தும் சோதனையின் பலன் பட்டறைக்குச் சாதகமாகவே முடிந்தது என்பதை விளக்க வேண்டும். அந்த இரண்டு இடங்களிலும் இடைவெளி ஏன் சரியாக இருக்கிறது என்பது நிறுவனத்துக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஓராண்டு கழித்து ஒரு கடையில் கீச்சொலி எழுந்தால் நிறுவனம் அனுப்பும் மெக்கானிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். இங்கே, தவறு கண்முன் நேர்ந்து, காரணம் தெரிந்து, திருத்தமும் தெரிந்தது. குறை ஒன்றுதான்: அந்த அறிவு ஒருவர் தலைக்குள் இருந்தது, அவர் இல்லாத நாளில் ‘பையன்’ மாற்றிப் போட்டுவிட்டான். அதைத் தாளுக்குக் கொண்டுவந்துவிட்டால், நிறுவனம் விலைக்கு வாங்க முடியாதிருந்த பொருள் கைக்கு வந்துவிடும். நிறுவனம் தன் செலவில் ஒரு வரைவாளரை அமர்த்தி, ஃபிட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 5 கிலோ இயந்திரத்தின் ஒவ்வொரு பாகத்தையும் வரைந்து எடுத்தது. பேரிங் பூட்டும் பக்கம், குளிர்நிலை இடைவெளி, சூட்டுநிலை இடைவெளி, எந்த வெப்பத்தில் அளக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எண்களாக ஏறின. கதவு பொருந்தாத சிக்கலை லேசர் கட்டிங் கோப்புகளும் வெல்டிங்கின்போது பாகங்களை அசையாமல் பிடிக்கும் இரண்டு ஃபிக்ஸ்சர்களும் தீர்த்துவிட்டன. உண்மையில் அது மிகச் சிறிய சிக்கல்; அதற்காகத்தான் பட்டறையை ஒதுக்கப் பார்த்தார்கள்.

தகடு, பணம், வரி

பட்டறை கேட்டது ‘முழு இயந்திரத்துக்கு ஒரு விலை’. அதை ஏற்கவில்லை. காரணம் தகடு. சந்தையில் 202 வகை எவர்சில்வரை 304 என்று விற்பது புதிதல்ல. காந்தம் ஒட்டவில்லை என்பது 304 என்பதற்குச் சான்றாகாது, 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. நிக்கல் குறைந்து மாங்கனீசு மிகுந்த அந்தத் தகடு, உலர்ந்த ஊரில் சில காலம் பல்லிளிக்காமல் இருக்கக்கூடும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து உப்புக்காற்றில் விரைவில் துருப்புள்ளி காட்டிவிடும். ஆகவே தகட்டை நிறுவனமே சாத்தாங்காடு இரும்பு எஃகுச் சந்தையில் சோதனைச் சான்றிதழோடு வாங்கி, கையடக்க எக்ஸ்-ரே கருவியால் கலவையைச் சரிபார்த்துப் பட்டறைக்கு அனுப்புவது, பட்டறைக்குக் கூலி மட்டும் தருவது என்று முடிவானது. கியர் மோட்டார், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி., வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி, சுவாலை அணைந்தால் எரிவாயுவை நிறுத்தும் வால்வு ஆகியவையும் நிறுவனம் வாங்கித் தருபவையே. எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் வகைகளாகப் பார்த்துத் தேர்ந்தோம். வி.எஃப்.டி. ஒருமுனை மின்சாரத்தை வாங்கி மும்முனை மோட்டாரை ஓட்டிவிடும் என்பதால் இணைப்புச் சிக்கலும் தீர்ந்தது.

இந்த ஜாப் ஒர்க் முறைக்கு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவு இடம் தருகிறது. சலான் போட்டு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், இல்லையேல் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி விழும். அச்சு, டை, ஜிக், ஃபிக்ஸ்சர் ஆகியவற்றுக்கு அந்தக் கால வரம்பு இல்லை. ஃபிக்ஸ்சர்களின் மேல் நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் பொறித்தே சலானில் ஏற்றினார்கள்.

கூலியை 90 நாள் கடனில் தரலாம் என்று நிறுவனத்தார் எண்ணியிருந்தார்கள். பிராட்வே வியாபாரத்தில் அது பழகிப்போன ஒன்று. பட்டறை, மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில் என்பதால் அது நடக்காது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் தவணை செல்லாது. தாமதித்தால் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டதால், உரிய காலம் கடந்தும் ஆண்டு முடிவில் நிலுவையில் இருக்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டவும் முடியாது. கூலியை 30 நாளில் தருவதாக எழுதினார்கள். அதற்கு ஈடாகப் பட்டறை கூலியில் சிறிது இறங்கி வந்தது.

வணிகச் சின்னப் பதிவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வறுக்கும் இயந்திரம் 11ஆம் வகுப்பு, மின் அரவை இயந்திரம் 7ஆம் வகுப்பு; சிறு நிறுவனத்துக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். ஒரே பெயர் இரண்டிலும் வரப்போவதால் இரண்டுக்கும் விண்ணப்பித்தார்கள். முதல் இயந்திரம் கடைக்குப் போகும் முன்பே விண்ணப்பித்தது நல்லதாயிற்று.

முடிவும் ஒப்பந்தமும்

ஒரே ஏற்பாட்டை மூன்று அளவுகளுக்கும் போர்த்த வேண்டாம் என்று முடிவெடுத்தோம். சிறிய மாதிரி இயந்திரத்தை இறக்குமதி செய்து பெயர்ப்பலகை ஒட்டி விற்பதில் எனக்கு மறுப்பில்லை; அதில் எரிவாயு இல்லை, விற்கும் எண்ணிக்கை குறைவு, பழுதானால் திறந்து பார்க்காமல் மாற்று இயந்திரம் கொடுத்துவிடலாம். 5 கிலோ இயந்திரம் வியாசர்பாடிப் பட்டறைக்குப் போனது.

பட்டறையோடு எழுதிய ஒப்பந்தத்தில் பேச்சு நீண்டது இரண்டு இடங்களில். ஒன்று, வரைபடத்தின் உரிமை. ஃபிட்டரின் அனுபவத்தை வரைந்துவிட்டு அதை நிறுவனத்தின் சொத்து என்று எழுதுவது நியாயமா என்று பட்டறை உரிமையாளர் கேட்டார், கேள்வி சரியானதே. வரைபடம் நிறுவனத்துக்கு, அதற்கு ஈடாகப் பட்டறைக்கு ஒரு தொகை, ஃபிட்டருக்குத் தனியாக ஒரு தொகை, காபி அல்லாத பிற இயந்திரங்களில் அதே நுட்பத்தைப் பயன்படுத்தப் பட்டறைக்குத் தடையில்லை என்று முடிந்தது. மற்றொன்று, இரண்டாவது பட்டறை. டிரம்மையும் முகத்தட்டையும் அம்பத்தூரில் வேறொரு லேத் பட்டறையிலும் செய்து வைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்றோம். மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், வியாசர்பாடியில் தண்ணீர் நின்றதைப் பட்டறை உரிமையாளரே நினைவுகூர்ந்ததால் இதில் மறுப்பு எழவில்லை. ஒரு தொகுதிக்கு மேல் தகடு பட்டறையில் இருக்கக் கூடாது, மோட்டாரும் மின் பலகையும் தரையில் வைக்கக் கூடாது என்ற விதிகளும் அதே பேச்சில் சேர்ந்தன.

ஒவ்வொரு இயந்திரமும் பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் எரிவாயுவில் வறுத்துக் காட்டப்படும். சூட்டுநிலை இடைவெளி அளக்கப்பட்டு, இயந்திர எண்ணோடு பதிவாகும். அந்தத் தாளின் நகல் வாங்குபவருக்கும் போகிறது. கடைக்காரர்கள் அதைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை, ஒருவர் மாட்டியிருக்கிறார்.

முதல் தொகுதி முடிந்ததும் பட்டறை கூலி உயர்வு கேட்டது. பாகவாரியாக வரைபடம் இருந்ததால், எந்தப் பாகத்தில் எவ்வளவு வேலை என்று உட்கார்ந்து எண்ண முடிந்தது. புகைக்கூண்டு வெல்டிங்குக்கு உயர்வு கொடுத்தார்கள், இறுதி இணைப்புக்குக் கொடுக்கவில்லை.

15 கிலோ இயந்திரம் இன்னும் முடிவாகவில்லை. அதை வாங்கக் கேட்பவர்களில் பலர் ஜார்ஜ் டவுன், சௌகார்பேட்டைச் சந்துகளில் மேலே குடியிருப்பு உள்ள கட்டடங்களில் இருப்பவர்கள். அந்த அளவு வறுத்தால் எழும் புகையை எரித்து அடக்கும் அமைப்பு இல்லாமல் அங்கே இயந்திரத்தை வைப்பது தகாது. புகை எரிப்பானோ, டிரம்மைச் சூடாக்குவதைவிடவும் கூடுதலாக எரிவாயு கேட்கக்கூடிய கருவி. அதை வடிவமைத்த அனுபவம் வியாசர்பாடிப் பட்டறைக்கு இல்லை, வரைந்து எடுக்க யார் தலைக்குள்ளும் அது இல்லை. இரண்டாவது வழியாகப் பார்த்து விட்டுவிட்ட அந்த இந்தியத் தயாரிப்பாளரிடம், புகை எரிப்பானை மட்டும், அவருடைய பெயர்ப்பலகையோடும் அவருடைய உத்தரவாதத்தோடும் வாங்கிப் பொருத்துவது குறித்து இப்போது பேச்சு நடந்து வருகிறது.